எடிட்டிங்குக்கும் கேமிங்குக்கும் சிக்கனமான ஒரே கணினி: எந்தப் பாகத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வியின் சாரம் இதுதான். மிரர்லெஸ் கேமராவிலும் கைப்பேசியிலும் எடுக்கும் 4கே வீடியோக்களை எடிட் செய்யவும், மீதி நேரத்தில் 1080பி திரையில் கேம் விளையாடவும் ஒரே கணினி வேண்டும். செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும். கேட்டவர் தன் உத்தேசப் பட்டியலையும் தந்திருக்கிறார்: எட்டு கோர் கொண்ட ரைசன் 7 5700எக்ஸ் புராசஸர், ஏ520 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி ரேம், 4 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பாகம்).

இதில் புராசஸர் நல்லது. அதைச் சுற்றியுள்ளவைதான் அதன் வேலையைக் கெடுக்கின்றன. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் வீடியோவை என்கோடு செய்வதற்கான, அதாவது சுருக்கிக் கோப்பாக எழுதுவதற்கான, வன்பொருள் பகுதியே கிடையாது. 5700எக்ஸ் புராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸும் கிடையாது. ஆகவே எக்ஸ்போர்ட் செய்யும்போதும், விளையாடிக்கொண்டே திரையைப் பதிவு செய்யும்போதும், முழுச் சுமையும் புராசஸரின் தலையில்தான் விழும். போதாததற்கு, அந்தக் கார்டு, மதர்போர்டோடு அதை இணைக்கும் பிசிஐஇ இணைப்பில் நான்கு லேன்களை (தரவுத் தடங்களை) மட்டுமே பயன்படுத்துவது. ஏ520 மதர்போர்டோ பிசிஐஇ 3.0 வேகத்தைத் தாண்டாது. கார்டின் 4 ஜிபி நிரம்பியதும் அது கணினியின் ரேமை நாட வேண்டியிருக்கும். அந்தக் குறுகிய பாதை வழியாகத் தரவு வந்து சேர்வதற்குள் கேம் திக்கித் திணறும். கேமிங் ஒப்பீடுகளை மட்டும் பார்த்துப் பாகம் சேர்ப்பவர்களுக்கு இந்தக் குறைகள் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அந்த ஒப்பீடுகளில் என்கோடு, டீகோடு (சுருக்கிய கோப்பை விரித்துப் படிப்பது) பற்றிய பேச்சே பெரும்பாலும் இருக்காது.

எனவே என் முதல் ஆலோசனை, பாகங்களின் பட்டியலைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் கேமரா என்ன மாதிரியான கோப்பை எழுதுகிறது என்று பாருங்கள் என்பதே. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு கிளிப்பைத் திறந்தால் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) எச்.264-ஆ எச்.265-ஆ, நிற ஆழம் 8 பிட்டா 10 பிட்டா, நிறத் தகவல் 4:2:0-ஆ 4:2:2-ஆ (பின்னதில் நிற விவரம் கூடுதல்) என்பதெல்லாம் தெரிந்துவிடும். குறைந்த செலவில் கட்டும் எடிட்டிங் கணினிக்கு எந்தப் புராசஸர், எந்தக் கார்டு என்பதை இந்த மூன்று விவரங்களே பெருமளவு தீர்மானிக்கின்றன.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எச்.264, எச்.265 ஆகிய இரண்டும் கோப்பின் அளவைக் குறைப்பதற்காக ஒவ்வொரு பிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. இடைவெளி விட்டு ஒரு பிரேமை மட்டும் முழுதாக எழுதி, நடுவில் உள்ளவற்றை முன்பின் பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பாக மட்டும் எழுதுகின்றன. படம் பார்ப்பதற்கு இது சிக்கலே இல்லை, ஏனெனில் பார்வையாளர் முன்னோக்கியே போகிறார். எடிட்டர் அப்படியல்ல. டைம்லைனில் பின்னோக்கி இழுக்கிறார், நடுவில் வெட்டுகிறார், மூன்று கிளிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். ஒவ்வொரு முறையும் கணினி அருகிலுள்ள முழுப் பிரேமைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து தேவையான பிரேம் வரை வரிசையாகக் கணக்குப் போட்டு வர வேண்டும். இந்த வேலைக்கென்றே தனியாக வடிவமைத்த சுற்று சிப்பில் இருந்தால் டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும். இல்லையென்றால், எட்டு கோர் இருந்தாலும் 4கே 10 பிட் கிளிப் இரண்டை அடுக்கியதும் படம் நின்று நின்றுதான் நகரும்.

இந்தச் சுற்று எல்லாச் சிப்புகளிலும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் பலரும் கவனிக்காத விஷயம். பெரும்பாலான கைப்பேசிகள் தரும் 4:2:0 கோப்புகளை, 8 பிட் ஆனாலும் 10 பிட் எச்.265 ஆனாலும், இன்று விற்பனையில் உள்ள அனேகமாக எல்லாக் கிராபிக்ஸ் கார்டுகளும் சிரமமின்றிப் படித்துவிடும். ஆனால் மிரர்லெஸ் கேமராக்கள் பல, நிறத்திருத்தத்துக்கு வசதியாக 10 பிட் 4:2:2 கோப்புகளை எழுதுகின்றன. எச்.265 வடிவில் இருக்கும் 4:2:2-ஐ வன்பொருளிலேயே படிக்கும் வசதி, இன்டெல் டெஸ்க்டாப் புராசஸர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸில் 11-ஆம் தலைமுறையிலிருந்து இருக்கிறது. இன்டெலின் ஆர்க் கார்டுகளிலும் உண்டு. என்விடியா 2025-இல் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இதைச் சேர்த்தது. ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகள் வேறு எத்தனையோ வகையில் சிறந்தவையாக இருந்தாலும் இந்த ஒரு வேலையைச் செய்யாது. அப்போது சுமை மீண்டும் புராசஸருக்கே திரும்பும்.

ஆகவே உங்கள் கேமரா 4:2:2 எச்.265 தருகிறது என்றால், மலிவான நேர்வழி இன்டெலின் குவிக் சிங்க் வசதி (உள்ளமைந்த கிராபிக்ஸில் இருக்கும் அந்த வீடியோ சுற்று) கொண்ட ஒரு கோர் ஐ5. இங்கே ஓர் எழுத்தில் கவனம் வேண்டும். ஐ5 12400-க்கும் ஐ5 12400எஃப்-க்கும் கோர்களில் வேறுபாடு இல்லை. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். ஆனால் எஃப் என்று முடியும் மாடலில் உள்ளமைந்த கிராபிக்ஸ் முடக்கப்பட்டிருக்கும், அதோடு குவிக் சிங்க்கும் போய்விடும். கேமிங்குக்கு மட்டும் கணினி கட்டுபவருக்கு எஃப் மாடல் புத்திசாலித்தனமான சேமிப்பு. உங்களுக்கு அது பாதகம். இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், 12400-லும் 13400-லும் உள்ள யுஎச்டி 730 கிராபிக்ஸில் ஒரு வீடியோ எஞ்சின்தான் உண்டு. 12500, 13500 ஆகியவற்றில் உள்ள யுஎச்டி 770-இல் இரண்டு உண்டு. பல கேமராக்களில் ஒரே நிகழ்ச்சியைப் படம்பிடித்து எடிட் செய்பவர்களுக்கு இந்த வித்தியாசம் டைம்லைனிலேயே தெரியும். 14 கோர், 20 த்ரெட் கொண்ட 13500 நியாயமான விலையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இல்லையென்றால் 12500 போதும்.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் புராசஸர்கள் அதிக மின்னழுத்தத்தால் காலப்போக்கில் நிலைகுலைந்த விவகாரம் பலருக்கும் நினைவிருக்கும். 2024 ஆகஸ்டிலிருந்து இன்டெல் அதற்கான மைக்ரோகோடு (புராசஸரின் உள் மென்பொருள்) திருத்தங்களை மதர்போர்டு நிறுவனங்கள் வழியாக வெளியிட்டது. அந்தத் தலைமுறைகளில் எதை வாங்கினாலும், விண்டோஸ் நிறுவுவதற்கு முன்பே மதர்போர்டின் பயாஸை (அதன் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துவிடுங்கள்.

உங்கள் கோப்புகள் எல்லாம் 4:2:0 என்று தெரியவந்தால் கதை வேறு. அப்போது ரைசன் 5 5600 போன்ற ஆறு கோர் புராசஸரே போதுமானது. மிச்சமாகும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடலாம். ஏற்கெனவே ரைசன் வாங்கியாகிவிட்டது, கோப்புகளோ 4:2:2 என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு: ஆர்க் பி580 அல்லது ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு ஒன்று அந்தக் குறையை நிரப்பிவிடும். எதையுமே வாங்க முடியாத நிலையிலும் எடிட்டிங் நின்றுவிடாது. பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் இரண்டுமே புராக்ஸி உருவாக்கும் வசதி தருகின்றன. கனமான மூலக் கோப்புக்குப் பதிலாக, ஒவ்வொரு பிரேமும் முழுமையாகச் சேமிக்கப்பட்ட சிறிய அளவுப் பிரதியை வைத்து எடிட் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் மூலத்துக்குத் திரும்பலாம். தொடக்கத்தில் நேரம் எடுத்தாலும், பழைய கணினியில்கூட இதனால் நிம்மதியாக வேலை செய்யலாம். அவசரமாகக் காசைக் கரைப்பதற்கு முன் புராக்ஸியில் ஒரு வேலையையாவது முடித்துப் பாருங்கள் என்றே சொல்வேன்.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. கேமுக்கு அதன் கணக்கிடும் வேகம் முக்கியம். எடிட்டிங்குக்கு அதன் நினைவகமும் அதே அளவு முக்கியம். ரிசால்வ் நிறத்திருத்தம், எஃபெக்ட் எல்லாவற்றையும் கார்டிலேயே செய்வதால், 4கே டைம்லைனில் நான்கைந்து அடுக்கு எஃபெக்ட் போட்டதும் 8 ஜிபி கார்டு நிரம்பி, ஜிபியு நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்பு வருவது வழக்கம். அந்த அறிவிப்பு வந்துவிட்டால் மேற்கொண்டு வேகமாவது மெதுவாவது என்ற பேச்சுக்கே இடமில்லை, ரெண்டர் நின்றுவிடும். அதனால்தான் 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி மாடலை, கேமில் அதைவிட வேகமான 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060-உடன் ஒப்பிடும்போது எடிட்டர்கள் இன்னமும் தயங்குகிறார்கள். 3060-இல் 8 ஜிபி மாடலும் ஒன்று உண்டு. அதன் நினைவகப் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுக்கப்பட்டது என்பதால், பெட்டியின் மேல் 12 ஜிபி என்று இருப்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எனக்கு ஏற்புடைய வரிசையைச் சொல்கிறேன். கைக்கு எட்டுமானால் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி. 4:2:2 டீகோடு, ஏவி1 என்ற புதிய கோடெக்கில் என்கோடு, போதிய நினைவகம் மூன்றும் அதில் ஒன்றாக அமைகின்றன, விளையாட்டுக்கும் தாராளம். அது எட்டாது என்றால் ஆர்க் பி580 12 ஜிபி அல்லது ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. பி580 செலவுக்கு மிக நல்ல கார்டு. ஆனால் மதர்போர்டில் ரீசைசபிள் பார் வசதி (கார்டின் முழு நினைவகத்தையும் புராசஸர் நேரடியாக அணுகும் வழி) இருந்தே ஆக வேண்டும், பழைய புராசஸர்களோடு சேர்த்தால் சில கேம்களில் எதிர்பார்த்த வேகம் வராது. எடிட்டிங் எப்போதாவது, விளையாட்டே பிரதானம் என்பவர்களுக்கு ஆர்எக்ஸ் 6600 அல்லது 7600 போதும். 4 ஜிபி கார்டு எதையும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இந்தப் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரேம் விஷயத்தில் இரண்டு ஸ்டிக் என்பதில் சமரசம் வேண்டாம். டிடிஆர்4 3200 ரேம் ஒற்றை ஸ்டிக்காக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டாகப் போட்டால் 51.2 ஜிபி. உள்ளமைந்த கிராபிக்ஸும் இதே பாதையைத்தான் பகிர்ந்துகொள்கிறது. நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுவது வழக்கம். கையேட்டில் படம் இருக்கும், ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உதவும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருள் முன்னோட்டத்துக்காகப் பிரேம்களைச் சுருக்காமல் ரேமில் அடுக்குகிறது. 3840 × 2160 அளவுள்ள ஒரு பிரேம், 8 பிட்டில், நான்கு தடங்களோடு (மூன்று நிறம், ஓர் ஒளிபுகுதன்மை), ஏறத்தாழ 33 எம்பி. நொடிக்கு 30 பிரேம் வீதம் பத்து நொடிக்கே 10 ஜிபி ஆகிவிடுகிறது. 16 பிட்டுக்கு மாறினால் அது இரட்டிப்பாகும். விண்டோஸும் பிரவுசரும் எடுத்துக்கொண்டது போக 16 ஜிபியில் என்ன மிஞ்சும் என்று பார்த்தால், 32 ஜிபி என்பது ஆடம்பரம் இல்லை என்று புரியும். வெறும் வெட்டி ஒட்டும் வேலைக்கு 16 ஜிபியில் காலம் தள்ளலாம். அப்போதும் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்காகவே வாங்கி, நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டைத் தேர்ந்தெடுங்கள். 2025-இன் இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதால், டிடிஆர்5 மட்டுமே ஏற்கும், புதிய ரைசன்களுக்கான ஏஎம்5 தளத்தைச் சிக்கனக் கணினிக்குப் பரிந்துரைப்பது முன்போல எளிதாக இல்லை. டிடிஆர்4 ரேம் கையில் இருப்பவர்கள் அதைத் தொடர்ந்து பயன்படுத்த இடம் தரும் பி660, பி760 அல்லது பி550 மதர்போர்டு வாங்கினாலே கணிசமான தொகை மிஞ்சும். பி660, பி760 இரண்டும் டிடிஆர்4 வகை, டிடிஆர்5 வகை எனத் தனித்தனியே வருகின்றன. ஒன்றின் ரேம் மற்றதில் பொருந்தாது.

சேமிப்பகத்தைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான நம்பிக்கை உண்டு: அதிவேக எஸ்எஸ்டி போட்டால் டைம்லைன் வேகமாகும் என்பது. கேமரா நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதிய கோப்பைப் படிக்க நொடிக்கு 12.5 எம்பி போதும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு 550 எம்பி வரை தரும். தடை இருப்பது டீகோடில்தான். நொடிக்கு 7000 எம்பி தரும் எஸ்எஸ்டிக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் அந்தத் தடை நீங்காது. கொள்ளளவுதான் உண்மையான தேவை. அதே 100 மெகாபிட் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுவதுண்டு. 256 ஜிபி முதல் மாதத்திலேயே நிரம்பிவிடும். எனவே நடுத்தர வேகமுள்ள 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று, முடிந்த வேலைகளைக் காப்பதற்குத் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியின் நினைவக வகை டிஎல்சியாக இருப்பது நல்லது. கியூஎல்சி வகையில் தொடக்கத்தில் எழுதும் வேகம் நன்றாக இருந்தாலும், பெரிய கோப்புகளைத் தொடர்ந்து நகலெடுக்கும்போது அதன் தற்காலிக வேகப் பகுதி நிரம்பியதும் ஹார்டு டிஸ்கைவிடவும் மெதுவாகிவிடக்கூடும்; கேமரா கார்டிலிருந்து நூறு ஜிபியை இறக்கும் எடிட்டருக்கு அது தினசரித் தொல்லை.

எஸ்எம்பிஎஸ்தான் பட்டியலில் நான் மிகவும் கவலைப்பட்ட பாகம். கேமிங்கில் மின்சுமை ஏறி இறங்கும். ஒரு மணி நேர ரெண்டரிலோ அது இடைவிடாமல் உச்சத்தில் நிற்கும். ஐ5 12400 உச்சத்தில் 117 வாட் வரை இழுக்கலாம். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180 வாட். மற்றவற்றுக்கு 60, 70 வாட் சேர்த்தாலும் 370 வாட்டைத் தாண்டாது. கார்டுகள் கணநேரத்துக்கு இழுக்கும் கூடுதல் மின்சாரத்தையும் மனதில் வைத்து 550 முதல் 650 வாட் வரை வாங்கினால் போதும்; 850 வாட் தேவையில்லை. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதைக் குறிப்பதே தவிர, உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்துக்குச் சான்று அல்ல. எனவே உத்தரவாதக் காலத்தையும் பாருங்கள். ஐந்தாண்டுக்குக் குறையாமல் உத்தரவாதம் தரும் மாடலாக இருக்கட்டும். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் கெட்டால் தான் மட்டும் கெடாமல் மற்றவற்றையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டை நன்கு சோதித்து வாங்கலாம். பயன்படுத்திய எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

மதர்போர்டு, கேபினட், கூலர் மூன்றையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மதர்போர்டில் இரண்டு எம்.2 ஸ்லாட்டும், புராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியின்மேல் ஹீட்சிங்க்கும் இருக்க வேண்டும்; கேபினட்டின் முகப்பு கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்க வேண்டும்; 120 மிமீ விசிறி கொண்ட சாதாரண டவர் கூலர் ஒன்று, நீண்ட ரெண்டரின்போது வெப்பத்தையும் சத்தத்தையும் ஒருசேரக் குறைக்கும். 5700எக்ஸ் பெட்டியில் கூலரே வராது என்பதையும் உங்கள் பட்டியல் கணக்கில் எடுக்கவில்லை. விளக்கு அலங்காரத்துக்குப் போகும் தொகையை ரேமுக்குத் திருப்பினால் அதன் பலன் வேலையில் தெரியும்.

மானிட்டரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். எடிட் செய்பவர் பார்ப்பது மானிட்டரைத்தான்; அது காட்டும் நிறம் தவறாக இருந்தால் திருத்தமும் தவறாகவே அமையும். ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பை ஏறத்தாழ முழுமையாகக் காட்டும் திறன், 100 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ உள்ள புதுப்பிப்பு வேகம் ஆகிய மூன்றும் ஒரே மானிட்டரில் இப்போது எளிதாகவே கிடைக்கின்றன. 1440பி திரை வாங்க முடிந்தால் டைம்லைனுக்கும் கருவிப் பலகைகளுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் கேமில் கார்டின் சுமை கூடும் என்பதால் 8 ஜிபி கார்டோடு அதைச் சேர்க்க நான் தயங்குவேன்.

மென்பொருளையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பு பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். அதன் எக்ஸ்போர்ட் 3840 × 2160, நொடிக்கு 60 பிரேம் என்ற எல்லைக்குள் அடங்கும், இரைச்சல் நீக்கும் கருவி கட்டணப் பதிப்பில்தான் உண்டு. கைப்பேசிக் கோப்புகளில் பிரேம் வேகம் நிலையாக இல்லாமல் மாறிக்கொண்டிருப்பது வழக்கம். அதனால் படமும் ஒலியும் விலகினால் குற்றம் கணினியில் இல்லை, ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகும்.

ஆக, உங்கள் பட்டியலை நான் மாற்றுவதாக இருந்தால், கோப்புகள் 4:2:2 என்ற அனுமானத்தில், ஐ5 12500 அல்லது 13500, டிடிஆர்4 ஏற்கும் பி760 மதர்போர்டு, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, 12 ஜிபி நினைவகமுள்ள ஒரு கார்டு, 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டி, நம்பகமான 650 வாட் எஸ்எம்பிஎஸ் என்று எழுதுவேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாவிட்டால் கிராபிக்ஸ் கார்டைத் தள்ளிப்போடுங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸிலேயே 4கே கிளிப்புகளை வெட்டி ஒட்டலாம், விளையாட்டுதான் சில மாதம் காத்திருக்கும். எஃப் மாடல் புராசஸர் வாங்கியிருந்தால் இந்த வசதி கிடைக்காது.

எல்லாம் பொருத்தி முடித்ததும் பயாஸில் மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். எக்ஸ்எம்பி (ரேமை அதற்குக் குறித்த வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) இயக்கப்படாவிட்டால், 3200 என்று வாங்கிய ரேம் அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். ரீசைசபிள் பார் இயங்க வேண்டும். தனிக் கார்டு போட்டதும் சில மதர்போர்டுகள் உள்ளமைந்த கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடுகின்றன; ஐஜிபியு மல்டி மானிட்டர் என்ற அமைப்பை இயக்கினால்தான் குவிக் சிங்க் உயிர்பெறும். மானிட்டர் கேபிளை மட்டும் தனிக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டின் பின்பக்கத்தில் செருகினால் கேம் உள்ளமைந்த கிராபிக்ஸிலேயே ஓடக்கூடும். பிறகு பிரீமியரின் மீடியா அமைப்புகளில் வன்பொருள் டீகோடு இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டைம்லைனில் ஒரு 4:2:2 கிளிப்பை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் இன்டெல் கிராபிக்ஸின் வீடியோ டீகோட் வரைபடத்தைக் கவனியுங்கள். கிளிப் ஓடும்போது அந்தக் கோடு ஏறி, புராசஸரின் பயன்பாடு தாழ்ந்தே இருந்தால் எல்லாம் முறையாக இருக்கிறது. கோடு அசையாமல் புராசஸர் நூறு சதவீதத்தில் நின்றால், மீண்டும் பயாஸ் அமைப்பிலிருந்து தொடங்கிச் சரிபாருங்கள்.